ஊசியக்காவின் ஓட்டைப் படகு

கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். தையல் மட்டும் காரணமில்லை, வாயும்தான். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு அப்புறம் முறைக்கும் கார்க்காரர்கள், அவள் கேட்கிற ஒரே கேள்வியில் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அவள் புருஷன் குழாய் வேலை செய்பவர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். அவருக்குக் கை சும்மா இருக்காது. அவள் கேட்காமலே தையல் மேஜையின் காலை அறுத்து உயரத்தைக் குறைப்பார். அலமாரிக் கதவைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவார். கேட்டால், "உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான்" என்பார். அவளுக்கு எது வசதி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பஸ் ஏரிக்கரையைத் தாண்டும்போது, ஒரு ஆள் கயாக் என்கிற ஒல்லியான துடுப்புப் படகில் தனியாக உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். சுற்றிலும் தண்ணீர். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனுக்கு யாரும் எதையும் சரிசெய்து கொடுக்கவில்லை. எனக்கும் இப்படி ஒரு இடம் வேண்டும் என்று அவள் அந்த சீட்டிலேயே முடிவு செய்துவிட்டாள்.

மேலே உட்கார்ந்து ஓட்டும் பழைய கயாக் ஒன்று கிடைத்தது. மற்றதையெல்லாம் அவளே செய்தாள். பட்டறையில் மிஞ்சிய ஃபோமிலும் ரெக்சினிலும் முதுகு சாயும் இருக்கை. பழைய பிளாஸ்டிக் கிரேட்டில் குழாய்த் துண்டுகளைக் கட்டித் தூண்டில் நிறுத்த இடம். (துண்டுகள் புருஷனுடையவை. கேட்காமல் எடுத்ததில் ஒரு தனி சந்தோஷம்.) தடித்த துணிப் பையில் மணலைக் கொட்டி வாயைத் தைத்து நங்கூரம். சீட் பெல்ட் நாடாவில் துடுப்புக்கு ஒரு வார், தூண்டிலுக்கு ஒரு வார், இடுக்கிக்குக்கூட ஒரு வார். இடுப்பளவுத் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டோடு நின்று, படகை வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி ஏறிப் பழகினாள். முதல் நாள் ஏறியதைவிட விழுந்ததுதான் அதிகம். ஆனாலும் விடவில்லை.

படகைப் பார்த்ததும் புருஷனுக்கு முகம் மாறிவிட்டது. உட்காரும் தளத்தில் அங்கங்கே ஓட்டை, அடிவரைக்கும்.

"ஓட்டப் படக உன் தலையில கட்டிட்டாம்மா!"

"அது அப்படித்தாங்க இருக்கணும். மேல அடிக்கிற தண்ணி அது வழியா கீழ போயிடும். படகுக்குள்ள போகாது. தொடாதீங்க."

"ம்" என்றார். அந்த 'ம்'மை நம்பியதுதான் அவள் செய்த தப்பு.

தனியாகப் போகும் முதல் ஞாயிறு. விடிந்தும் விடியாத நேரத்தில் இருவருமாகப் படகைத் தூக்கி வந்து தண்ணீரில் விட்டார்கள். அவர் கரையில் நின்றார். அவள் துடுப்புப் போட்டு நாணல் ஓரத்துக்குப் போய், மணல் பையை இறக்கி, தூண்டிலை வீசினாள். எத்தனை நேரம் போனதோ, பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. தூண்டில் நரம்பு விறைத்தது. மீன்! முதல் மீன்!

அந்த நேரம் பார்த்து ஒரு விசைப்படகு பறந்தது. அதன் அலை தளத்தில் ஏறியது. ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. ஓட்டைகளில் தளும்பி நின்றது. அடுத்த அலையும் ஏறியது. அத்தனை தண்ணீரும் ஒரு பக்கமாக ஓட, படகு கவிழ்ந்து அவளைத் தண்ணீரில் கொட்டிவிட்டது.

பழகிய உடம்பு பதறவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்தாள். அவள் தைத்த வார்களில் துடுப்பு, தூண்டில், கிரேட் எல்லாம் தொங்கின. மீன் மட்டும் இல்லை. அடிப்பக்கம் கை பட்டது. ஓட்டைகளில் கெட்டியாகப் பசை, விளிம்பில் கட்டைவிரலால் வழித்த வழுவழுப்பு. வீட்டில் ஒவ்வொரு குழாயடியிலும் இருக்கிற அதே வழிப்பு. குளிர்ந்த தண்ணீரில் மிதந்தபடியே அவளுக்கு உடம்பு கொதித்தது.

படகை நிமிர்த்தி, ஏறி, கரைக்கு வந்தபோது அவர் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, ஓட்டப் படகுன்னு!"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. படகைப் புரட்டிப் போட்டாள்.

"எங்க ஓட்ட? காட்டுங்க! ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!"

அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "உனக்கு... முங்கிடக் கூடாதுன்னு..."

"முங்குனேனே! உங்க கைவேலையாலதான் முங்குனேன்! தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? நான் சொன்னா உங்க காதுல ஏறாதா? என் மேஜை, என் அலமாரி, எல்லாத்துலயும் உங்க கை. இது ஒண்ணாவது என்னோடதா இருக்கக் கூடாதா?"

நாணலில் இருந்த பறவைகள்கூடப் பறந்துவிட்டன. அவர் தோளில் மாட்டியிருந்த குழாய் வேலைப் பையைத் திறந்து டிரில்லை எடுத்தார். "இரு, இப்பவே தொளச்சிடறேன்."

"தொளச்சா ஓட்டையோட உள்சுவரு கிழிஞ்சு தண்ணி படகுக்குள்ள போகும். அப்ப நிஜமாவே ஓட்டப் படகு ஆகும். கீழ வைங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் ரெக்சின் வெட்டும் கத்தியை எடுத்து, ஒவ்வொரு ஓட்டையாகப் பசையை அறுத்து நோண்டி எடுத்தாள். அவர் கை இரண்டு தடவை நீண்டது. இரண்டு தடவையும் அவள் பார்த்த பார்வையில் மடங்கிக்கொண்டது. கடைசி ஓட்டையில் வெளிச்சம் தெரிந்ததும் படகைத் தண்ணீரில் தள்ளினாள்.

"மறுபடியுமா? இப்பவேவா?" அவர் எழுந்துவிட்டார். "அங்க நீ முங்குனப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சும்மா. நான் என்னதான் பண்றது?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். கோபம் இன்னும் தணியவில்லை. தணியவும் வேண்டாம் என்றிருந்தது.

"பயப்படுங்க. கரையில நின்னு, கைய கட்டிட்டு, நல்லா பயப்படுங்க. என் படகத் தொடாம அத மட்டும் செய்ங்க."

விசைப்படகு மறுபடி வந்தது. அலை ஏறியது, சளசளவென்று ஓட்டைகள் வழியே இறங்கிப் போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகராமல் நின்றிருந்தார்.