எங்கள் சபையில் குடிகாரர் இல்லையாம்

எங்கள் ஊர் வேதக்கோயில் உபதேசியார் பொய் சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் பாளையங்கோட்டையில் வாரந்தோறும் கூடுகிறார்களாமே என்று அவரிடம் மூன்று முறை கேட்டேன். அப்படி ஒரு கூட்டமே கிடையாது என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. போகாதவர்களுக்காக எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

வைகாசி மாதம், சனிக்கிழமை, காலை ஐந்து மணி. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றிய சுடலையின் மாட்டுவண்டியில் ஏறினேன். பாளையங்கோட்டைக்குப் பதினெட்டு மைல், கூலி நான்கு அணா. என் மனைவி பிள்ளையோடு தகப்பன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. குடியை விட்டால் வருவேன், இல்லாவிட்டால் எங்களை மறந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நானாக இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் தாங்கவில்லை. இந்தக் கூட்டமும் பொய்யென்றால் எனக்கு வேறு வழி கிடையாது.

அணைக்கட்டைத் தாண்டித் தென்கரைக்கு வந்தபோது விடிந்திருந்தது. ஆறு ஓரமாய் ஒடுங்கி ஓடியது. எங்கே போகிறேன் என்பதைச் சுடலையிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"குடிக்கதுக்கு வண்டி பிடிச்சுப் போனவனப் பாத்திருக்கேன். விடுததுக்கு நாலணா குடுத்துப் போறவர இன்னைக்குத்தான் பாக்கேன் வே."

எட்டு மணிக்குக் கருங்குளம். பத்து மணிக்குச் செய்துங்கநல்லூர். அங்கே கள்ளுக்கடை முன்னால் மாடுகள் தாமாகவே நின்றுவிட்டன, எத்தனை வருஷப் பழக்கமோ. சுடலை இறங்கிப் போனான். நான் வண்டிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவன், "கம்பு ஒடிஞ்சிரப் போவுது, விடும் வே" என்றான்.

பாளையங்கோட்டை சேர மணி இரண்டு. மூன்று தெரு சுற்றி, கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தேன். கூட்டம் நான்கு மணிக்கு. மாலைக் கள் கடைக்கு வந்து சேரும் நேரம் அது. அதற்காகவே அந்நேரம் கூடுகிறார்கள். இதைக் கேட்டவுடனேயே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள்!

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பதினொரு ஆண்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவர், பேட்டைத் தறிக்காரர் ஒருவர், சமையற்காரர் ஒருவர். கூட்டத்தை நடத்துபவர் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவரும் குடித்தவர்தான். என்னிடம் யாரும் சாதி கேட்கவில்லை, என்ன மதம் என்றும் கேட்கவில்லை.

அந்த வேளையில் கை சும்மா இருக்கக்கூடாது என்று ஆளுக்கொரு ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றுவது அங்கே வழக்கம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் அதுவே கள். கொண்டுவருபவர் மாசானம் என்ற பனையேறி, அவரும் பதினொருவரில் ஒருவர். புதியவன் என்று எனக்கு முதலில் ஊற்றினார். முகத்தருகே தூக்கினேன். நுரைத்திருந்தது. வாடை ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், தெரிந்தேதான் வாயில் வைக்கப் போனேன். மாசானம் பட்டையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி, பொங்கிட்டு. சுண்ணாம்பு தீந்துபோச்சுன்னு வழிச்சுத் தடவுனேன். தப்பு என்னுது."

வாத்தியார் எழுந்தார். "இப்ப யாருக்கெல்லாம் நாக்குல எச்சி ஊறுச்சோ, கையைத் தூக்கும்" என்று சொல்லித் தன் கையை முதலில் தூக்கினார். பதினொரு கைகளும் ஏறின. குமாஸ்தா தனக்கு ஒரு கை போதாது என்று இரண்டையும் தூக்க, அறையே சிரித்தது. நானும் தூக்கினேன். நான் ஒருவன்தான் கெட்டவன் என்று இருபது வருஷம் நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் எழுந்து ஆடலாம் போல இருந்தது.

கலயத்தை வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீரும் கருப்பட்டியும் தந்தார்கள். குடியை விடுகிறேன் என்று கூட்டத்து நோட்டில் ஊரும் பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊர்ப்பெயரைப் பார்த்ததும் வாத்தியார் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "குடியை விட நெனைக்கவங்கள அனுப்பும்னு உங்க ஊர்ச் சபைக்கு மூணு கடுதாசி போட்டோம் வே. போன மாசியில இந்தப் பதில்தான் வந்துச்சு."

எங்கள் உபதேசியாரின் கையெழுத்து. 'எங்கள் சபையில் குடிகாரர் எவரும் இல்லை. இனி எழுத வேண்டாம்.'

அன்று மாசானத்தின் வீட்டில் படுத்து, ஞாயிறு காலை புறப்பட்டேன். அங்கே கலயம் பொங்கியதும் கொண்டுவந்தவரே தப்பு என்னுது என்றார். எங்கள் ஊரில் பங்குனி மாதம் சபையைச் சேர்ந்த சாமுவேல் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து செத்தான். மயக்கம் வந்து விழுந்தான் என்று சொல்லி உபதேசியார் அடக்க ஆராதனை நடத்தினார். அந்தப் பதிலை எழுதி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கூட்டத்துக்குப் போகும் வழி தெரிந்திருந்தால் சாமுவேல் எனக்கு முன்னே வண்டி ஏறியிருப்பான்.

உபதேசியாரே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் நின்று சொல்லும். அந்தக் கடிதத்தை ஏன் எழுதினீர்? சாமுவேலின் பெண்சாதி முன்வரிசையில் இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்.