நின்ற இடத்தில் ஓடிய கார்

என்ஜின் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. கார் பறந்தால் சொந்தக்காரரின் கெட்டித்தனம், கார் நின்றால் பாஸின், அதாவது மெக்கானிக்கின், பிழை. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது, என் ஊர் முந்தலில் இருந்து கொழும்பு வரை இதுதான் நடைமுறை. ஸ்பானர் பிடிக்கிற நீங்களும் பட்டிருப்பீர்கள். வாசித்துவிட்டு என்னோடு சேர்ந்து கொஞ்சம் கோபப்படுங்கள்.

திறப்பைக் கொடுத்த நாள்

என் கராஜுக்கு வருவதெல்லாம் இறால் ஏற்றும் லொறியும் தேங்காய் ஏற்றும் ட்ரக்டரும்தான். அதனால் உடப்பில் இறால் பண்ணை வைத்திருக்கும் தர்ஷன், தன் பழைய ஜப்பான் டர்போ காரைக் கொண்டுவந்து முழு என்ஜினையும் புதுப்பித்துத் தரச் சொன்னபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. பின்சில்லு, அதாவது பின்சக்கரம், இழுக்கிற கார். மிதித்தால் முதுகு கதிரையோடு ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன், ரிங், பேரிங் என்று ஒவ்வொரு சாமானையும் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தேன். இது சரியாக ஓடினால் நான் வெறும் லொறி பாஸ் இல்லை என்று நாலு பேருக்குத் தெரியவரும். பெயர் எடுக்கிற ஆசை, வேறொன்றுமில்லை.

புது டயர்களையும் என் கராஜிலேயே பூட்டினோம். புதுச் சாமான்கள் ஒன்றோடொன்று பழகும் வரை வேகம் கூடாது, பாரம் கூடாது, ஆட்களை அடைத்துக்கொண்டு போகக் கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். என்னை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். தர்ஷன் திறப்பை, கார்ச் சாவியை, வாங்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார்.

"நானா, என்ட பிள்ளையக் கைபிடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிப் போற மாதிரித்தான் ஓடுவேன்."

கயிற்றில் வந்தது

அந்தக் கிழமை முடியவில்லை. கார் ட்ரக்டரின் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்தது. என்ஜின் இறுகிப்போய், இரண்டு பேர் சேர்ந்து நெம்பியும் அசையவில்லை. எங்கே நின்றது என்று கேட்டேன். ரோட்டில். எவ்வளவு வேகம்? மெதுவாகத்தான். சத்தம் கித்தம்? ஒன்றுமில்லை. பதில்கள் எல்லாம் அளந்து வெட்டிய மாதிரி வந்தன.

நான் பொனட்டைத் திறக்கும் முன்பே, கார்ப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் என் கராஜின் பெயர்ப்பலகை படத்தோடு போய்விட்டது. அதைப் பார்த்த சிலாபத்துக்காரர் ஒருவர், என்னிடம் தருவதாகச் சொல்லியிருந்த வேனை வேறிடம் கொண்டுபோய்விட்டார். படத்துக்குக் கீழே தர்ஷன் எழுதியிருந்தது இதுதான்:

"முந்தல் நானாட்ட லொறிய மட்டும் குடுங்க."

ஐஸ் லொறி வைத்தியர்

நின்றுபோன காருக்கு வைத்தியம் சொல்ல ஆள் தேட வேண்டுமா? தானாக வருவார்கள். என் வளவில் வெல்டிங் செய்யும் சுனில், ஏதாவது போல்ட்டை இறுக்க மறந்திருப்பேன், பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னான். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் லொறியின் பொனட்டை ஒருநாளும் திறந்து பார்க்காத ஐஸ் லொறிச் சாரதி, காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஜப்பானும் கடலுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். தீர்ப்பு இதுதான்:

"டர்போ எண்டா எங்கட கடல் காத்துக்கு ஒத்துவராது நானா."

சம்பைக் கழற்றினேன்

ஒவ்வொரு போல்ட்டும் நான் இறுக்கிய இறுக்கத்தில் இருந்தது. அதை சுனிலைக் கூப்பிட்டுக் காட்டினேன், காட்டாமல் விடுவேனா? ஆனால் பேரிங்குகள் எண்ணெய் கிடைக்காமல் கருகி, கிராங்கோடு ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய் ஒழுகியிருக்கும் என்றால், அதுவும் இல்லை. என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சட்டியான சம்பில் நான் ஊற்றிய எண்ணெய் அப்படியே கிடந்தது. எண்ணெய் பம்பைப் பிரித்துப் பார்த்தேன், அதில் ஒரு கீறலும் இல்லை. சுனில் எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"சட்டி நிறையச் சோறு, மனுசன் பட்டினியில செத்திருக்கான். இது என்ன கத நானா?"

டயர் முடி

கோபத்தில் வேலை ஓடாது. பாண் ரொட்டியும் பிளேன்ரீயுமாக நிலத்தில் குந்தியிருந்தேன். முகத்துக்கு நேரே பின்சில்லு. புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நிற்கும், ஓட ஓடத் தேய்ந்து போகும், உங்களுக்குத் தெரியும். வலப்பக்க டயரில் அந்த முடிகள் கடையில் இருந்த மாதிரியே நின்றன. இடப்பக்க டயரிலோ நடுவில் ஒரு கையகலத்துக்கு முடி ஒன்றும் இல்லை, வழுவழுவென்று ஒரு பட்டை மினுங்கியது. மீற்றரைப் பார்த்தேன். கார் கொழும்புக்குப் போய்த் திரும்பிய தூரம் காட்டியது. ஒரே அச்சில் இருக்கிற இரண்டு சில்லு! சுனில் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தான்.

"இடது சில்லு கொழும்புக்குப் போயிருக்கு நானா, வலது சில்லு வீட்டிலயே நிண்டிருக்கு."

பண்ணையில் தேத்தண்ணி

மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பண்ணைக்குப் போனேன். தர்ஷன் இல்லை, அவருடைய மனைவி சாந்தி இருந்தார். குளத்து ஓரத்தில் ஒரு தென்னங்குற்றி, அதற்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த அகலமான பெல்ட். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டர் சக்கரத்தின் தண்டு அதற்கு நேரே நின்றது. நான் பெல்ட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். சாந்தி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்.

காற்று மழையில் கரண்ட் போய்விட்டதாம். ஜெனரேட்டரும் கைவிட்டுவிட்டது. பிடிக்கிற பருவத்தில் குளம் நிறைய இறால். சக்கரம் சுற்றாவிட்டால் மூச்சு முட்டி எல்லாம் செத்துப்போகும், அவர்களுடைய ஒரு போக உழைப்பு அது. தர்ஷன் காரைக் கொண்டுவந்து, வலது சில்லைக் கல் வைத்து மறித்து, தென்னங்குற்றியை முட்டுக்கொடுத்து இடது சில்லை மட்டும் தனியே சுற்றும்படி அந்தரத்தில் தூக்கி, டயரில் பெல்ட்டை மாட்டி விடிய விடியச் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார். எனக்கு மிச்சம் விளங்கிவிட்டது: பின்பக்கம் உயர்ந்து மூக்குத் தாழ்ந்த காரில் எண்ணெய் முழுக்க முன்மூலைக்கு ஓடிவிட்டது. பின்னால் இருக்கும் பம்பின் வாய் காற்றைக் குடித்திருக்கிறது. விடியப் பார்த்துக் கரண்ட் வந்தது, என்ஜின் இறுகியது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"கார் மட்டும் இல்லாட்டி, விடியக்குள்ள இறால் முழுக்கச் செத்து மிதந்திருக்கும் நானா. நல்ல என்ஜின்."

எதை மீறினேன்?

தர்ஷன் வந்து சேர்ந்தார். ரோட்டில் நின்றது என்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன மனுசன். படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டீரா என்று கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் கூசவே இல்லை.

"நீங்க சொன்னதில எத மீறினேன் நானா? வேகமா ஓடாதீங்க எண்டீங்க, கார் அசையவே இல்ல. ஆள் ஏத்தாதீங்க எண்டீங்க, உள்ளுக்கு ஒருத்தருமில்ல."

பெயர் திரும்பி வந்தது

என்ஜின் கிடக்கட்டும், என் பெயருக்குப் பூசிய கரியை இப்போதே, என் கண் முன்னே துடையுங்கள் என்றேன். சாந்தி முறைத்த முறைப்பில் தர்ஷன் போனை எடுத்தார். முந்தல் நானாவின் வேலையில் பிழையே இல்லை, அவர் செய்த டர்போ என்ஜின் விடியும் வரை ஏரேட்டரைச் சுற்றி இறாலைக் காப்பாற்றியது என்று எழுதினார். பொய் இல்லை, ஆனால் என்ஜினை இறுக்கியது தான்தான் என்பது அதில் இல்லை. அடுத்த நாள் காலையில் போன் அடித்தது, வேனைக் கொண்டுபோன சிலாபத்துக்காரர்தான் எடுக்கிறார் என்று ஓடிப்போய் போனைத் தூக்கினேன். பேசியது முகம் தெரியாத ஒரு பண்ணைக்காரர்.

"கார் ஒண்டும் வேணாம் நானா, அந்த இறால் என்ஜின் மட்டும் எனக்கும் ஒண்டு செஞ்சு தருவீங்களா?"

பெயர் எடுக்க ஆசைப்பட்டேன், எடுத்தும்விட்டேன்: கொழும்புக் கார்க்காரர் ஒருவருக்கும் தெரியாத என்னை, இந்தக் கரையில் இறாலுக்கெல்லாம் தெரியும்.