செலக்ஷனுக்கு முன்பே தைத்த ஜெர்சி

எங்கள் பி.டி. சார் செய்த ஒரே தப்பு, அந்த ஜெர்சிகளைத் திருப்பூரிலேயே தைக்கக் கொடுத்ததுதான். மதுரையிலோ சேலத்திலோ கொடுத்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. செலக்ஷனில் நான்தான் சரியாக ஆடவில்லை போலிருக்கிறது என்று நாலு நாள் அழுதுவிட்டு, சார் காலில் விழுந்து ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு காலேஜை முடித்திருப்பேன். இந்த ஊரில் போய்த் துணி விஷயத்தை மறைக்கலாம் என்று அந்த மனுஷன் எப்படித்தான் நினைத்தாரோ!

அப்போது நான் கடைசி வருஷம். கபடியை வைத்துத்தான் காலேஜில் சீட்டே கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள், மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தோம். காலையில் கிரவுண்டு, பிறகு கிளாஸ், சாயங்காலம் மறுபடி கிரவுண்டு, லீவு நாளில் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்த் தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுவது. கிளாஸில் கண் சொக்கினால் மேடம் திட்டுவார், டெஸ்டுக்குப் படிக்கிறேன் என்று கிரவுண்டுக்கு வராவிட்டால் சார் திட்டுவார். முழங்காலில் தோல் உரிந்து ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி உரியும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுக்காகத்தான். யுனிவர்சிட்டி டீமில் ஆடிவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் அம்மா உட்கார்ந்திருக்கும் செக்கிங் டேபிளில் எனக்கும் ஒரு ஸ்டூல் போடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு வழி கிடையாது.

நான் ரைட் கார்னர், வலது ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிற இடம். எனக்குப் பக்கத்தில் நிற்பவள் என் சிநேகிதி. அவிநாசிப் பக்கம் தோட்டம் உள்ள வீட்டுப் பெண். ரைடு வருகிற ஆளை வளைக்க நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நிற்போம், அதற்குச் செயின் என்று பெயர். முதல் வருஷத்திலிருந்து அவள் கைதான் என் கையில் இருந்தது. மதியம் அவள் டப்பாவில் பாதி எனக்கு. அவள் வீட்டில் ஆட விட்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஜெர்சி இடுப்புக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அதனால் அவளுக்கு மட்டும் எப்போதும் நீளம் கூட்டித் தைப்பார்கள். நாங்கள் அதை நைட்டி என்று கிண்டல் செய்வோம், அவளும் சிரிப்பாள்.

அந்த வருஷம் யுனிவர்சிட்டி பெண்கள் டீமுக்குக் கோச்சாக எங்கள் சாரையே போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செலக்ஷன் எங்கள் கிரவுண்டில்தான், அதுவும் எங்கள் சார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் வேறொரு காலேஜ் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்தப் புள்ளைக்குக் கணுக்கால் பிடி வரமாட்டேங்குது கண்ணு. நீதான் சொல்லிக் குடுக்கோணும். உன்னய மாதிரி யாரு புடிப்பா?" என்றார். நானும் உச்சி குளிர்ந்துபோய்ச் சொல்லிக்கொடுத்தேன். எப்போது குனிய வேண்டும், தலையை எந்தப் பக்கம் வைத்தால் உதை வாங்காமல் தப்பலாம், இழுக்கும்போது தோளை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டினேன். அவளும் கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

செலக்ஷன் சனிக்கிழமை. அதே வாரம் நடுவில் காலேஜ் லீவு விட்டதால் அம்மாவோடு கம்பெனிக்குப் போயிருந்தேன். பிரிண்ட் முடிந்து தைத்த ஜெர்சி கொஞ்சம் செக்கிங்குக்கு வந்தது. நெஞ்சில் எங்கள் யுனிவர்சிட்டி பெயர். எனக்கு ஒரே சந்தோஷம். "எம்மா, எங்க டீமு ஜெர்சிம்மா!" என்று கத்தியேவிட்டேன். முதுகில் ஒவ்வொருத்தி பெயரும் நம்பரும் போட்டிருந்தது. என் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தேன். என் பெயர் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது.

"இன்னொரு கட்டு இருக்காண்ணா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"இல்லம்மிணி, இவ்வளவுதான். நீ கையில வெச்சிருக்கற சட்டைக்காரப் புள்ளையோட மாமன் கம்பெனிதான் டீமுக்கே ஸ்பான்சர் பண்றாங்களாமா. சட்டுனு முடிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். அவர் பாவம், எதுவும் தெரியாத மனுஷன்.

அதற்குள் அம்மா ஒரு பீஸை டேப்பில் வைத்து அளந்துவிட்டுத் தனியாக எடுத்துப் போட்டாள். "இது அளவு தப்பா வந்துருக்குட்டி. மத்ததவிட நீளமா கெடக்கு, ரிஜெக்ட்ல போடு."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "அது தப்பில்லீங்கக்கா. அதைப் போடற புள்ள போன் போட்டுச் சொல்லுச்சு, எனக்கு மட்டும் நீளம் சேத்தி வெச்சுத் தைங்கன்னு. உட்டுருங்க."

திருப்பிப் பார்த்தேன். என் சிநேகிதி பெயர். என் பெயர் இல்லாததைவிட அந்த நீளம்தான் வலித்தது. சார் ஏமாற்றினார், சரி, சார் யாரோ. இவள் எனக்கு முன்பே தெரிந்துகொண்டு, தனக்கு அளவும் சொல்லிவிட்டு, முந்தின நாள் காலையிலும் என்னோடு ரவுண்டு ஓடியிருக்கிறாள். டப்பாவில் பாதி கொடுத்திருக்கிறாள்.

அந்த ஜெர்சிக்கும் நான்தான் பிசிறு வெட்டினேன். வேண்டுமென்றே ஒரு தையலை அறுத்துவிட்டிருக்கலாம். அம்மா பக்கத்தில் இருந்ததால் செய்யவில்லை, அவ்வளவுதான், நல்ல எண்ணம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை போனேன். ஏன் போனாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். கண்ணால் பார்த்தும் மனசு நம்பவில்லை. நம் ஆட்டத்தைப் பார்த்தால் மாற்றிவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. அவளோடு செயின் போட்டு நின்றேன். அவள் கை வேர்த்துக் கிடந்தது. அன்றைக்கு வந்த ரைடர்களை எல்லாம் மடக்கிப் போட்டேன். வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். சாரும் தட்டினார்.

பிறகு பெயர்களை வாசித்தார். ஜெர்சியில் பார்த்த அதே பெயர்கள். என்னைப் பார்த்து, "மனசு உட்றாத கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். கடைசி வருஷம் படிக்கிறவளுக்கு ஏது அடுத்த வருஷம்! அதைக்கூட அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்கு நம்பவே முடியலடி" என்றாள்.

"நீளம் சேத்தி வெச்சுத் தைக்கச் சொன்னப்ப நம்ப முடிஞ்சுதா?" என்றேன்.

அழுகை நின்றுவிட்டது.

"சார்தான்டி சொல்ல வேண்டாம்னாரு. தெரிஞ்சா நீ கிரவுண்டுக்கு வரமாட்டே, அப்பறம் அந்தப் புள்ளைக்கு யாரு கத்துக் குடுப்பாங்கன்னாரு. நான் வாயத் தொறந்தா என்னையும் தூக்கிருவேன்னு சொல்லிப்போட்டாரு. நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்குக் காலைல வருவியா? நாங்க மேட்ச்சுக்கு வெளியூர் போற வரைக்கும் பிராக்டிஸுக்கு எதிர்ல ஆட ஆள் வேணுமாமா. சார் கேக்கச் சொன்னாரு."

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார்.

இப்போது நான் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். அவள் போலீஸ். வேலைக்குப் போகிற வழியில் ஒரு சிக்னலில் சில நாள் அவளுக்கு டூட்டி போடுகிறார்கள். அவள் கையைக் காட்டினால் நான் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்துகிறேன். தெரிந்தவள் என்று என்னை மட்டும் போகச் சொல்லித் தலையசைப்பாள். நான் போவதில்லை. எல்லோரோடும் நின்றுவிட்டு, பச்சை விழுந்த பிறகுதான் போகிறேன்.