பெருவிரல் களவெடுத்த அரைச் செக்கன்

நான் ஒருவனை ஏமாற்றினேன். என் உயிர் நண்பனை! அவனுடைய ஓட்டத்திலிருந்து அரைச் செக்கனைக் களவெடுத்தேன். நாற்பது வருடங்களாக அவனுக்கு அது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்... அவனிடம் சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் நான் விஞ்ஞான ஆசிரியன். நிஸ்தார் கைத்தறி நெசவாளன். பகல் முழுவதும் தறி மிதிப்பான். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்துக்கு வந்து சட்டவேலி தாண்டுவான். நூற்றுப்பத்து மீற்றர், பத்து வேலிகள், ஒவ்வொன்றும் மூன்றரை அடி உயரம். கமுகஞ் சலாகையில் நாங்களே அடித்தவை. தடுக்கினால் முழங்காலில் தோல் மிஞ்சாது!

எனக்கு ஓட வராது. பாடசாலையின் நிறுத்தற் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு முடிவுக் கோட்டில் நிற்பதே என் வேலை. ஆனால் அவன் வேலிக்கு மேலே நீண்டு, தரையைத் தொட்டு, மறுபடி எழும்பி வரும்போது... என் நெஞ்சும் கூடவே எழும்பும். அந்த மாலைகளைப் போல இனிய மாலைகள் என் வாழ்வில் பிறகு வாய்க்கவில்லை.

அப்போதுதான் கட்டாரிலிருந்து அவனுக்கு விசா வந்தது. சாரதி வேலை. அவனுடைய உம்மாவுக்கு நிலைகொள்ளாத சந்தோசம். ஒழுகும் ஓலை வீட்டை இடித்துக் கல்வீடு கட்டலாம் அல்லவா! வெள்ளிக்கிழமைக்குள் கொழும்பு முகவருக்குப் பதில் சொல்ல வேண்டும். வியாழன் மாலை நிஸ்தார் மைதானத்துக்கு வந்தான்.

"மச்சான், இண்டைக்கு ஓடிப் பாக்கிறன். பதினஞ்சு செக்கனுக்குள்ள வந்தா இஞ்சயே நிக்கிறன், கொழும்புத் தெரிவுப் போட்டிக்குப் போறன். வராட்டி கட்டார்தான்."

"விளையாட்டுக்கா சொல்றாய்?"

"அல்லாஹ் அறிய உண்மை. உன்ட ஸ்டொப்வோச் சொல்றதுதான் முடிவு."

ஓடினான். அழகாகத்தான் ஓடினான். ஒன்பதாம் வேலியில் அவன் முழங்கால் உரசியது. வேலி ஆடியது. நேரம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் கோட்டைத் தொட இன்னும் இரண்டு எட்டு இருந்தது. என் பெருவிரல் அழுத்தியது.

பதினான்கு தசம் ஒன்பது!

ஏன் அழுத்தினேன்? அவனுடைய திறமையைக் காப்பாற்ற என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அது அடுத்த பொய். அவன் போய்விட்டால் என் மாலைகள் என்னாகும்... அந்தப் பயம்தான். வேறெதுவும் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்த நிஸ்தார் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். நான் அவன் முதுகில் தலைகீழாகத் தொங்கியபடி சிரித்தேன். குற்றவாளி சிரித்தான்!

அன்று அவனுடைய உம்மா என்னிடம் கேட்டா.

"மனே, நீ படிச்ச புள்ள. இவன் ஓடி முன்னுக்கு வருவானா?"

"ஓம் மாமி. வருவான்."

இப்போது என் வாயும் சேர்ந்துகொண்டது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கொழும்புத் தெரிவுப் போட்டி. மூன்று நடுவர்கள், மூன்று கடிகாரங்கள். எதுவும் என் கையில் இல்லை. நிஸ்தார் பதினான்கு தசம் எட்டில் ஓடி முடித்தான்! தன்னால் முடியும் என்று நம்பியவன் முடித்துக் காட்டினான். அப்படியானால் நான் சொன்னது பொய்யா, இல்லையா? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன்...

இரண்டு வருடங்களில் சர்வதேச உள்ளக மெய்வல்லுநர் போட்டிக்கு அவனைத் தெரிவு செய்தார்கள். ஐரோப்பாவில், பனிக்காலத்தில், கூரைக்குக் கீழே ஓட்டம். ஊருக்கு அது விளங்கவே இல்லை.

"ஊட்டுக்குள்ளயா ஓடப்போறான்?" என்று மீன்காரக் காசிம் நானா கேட்டார். "சுவருல போய் மோத மாட்டானா?"

பஸ் ஏற்றிவிட அரை ஊர் வந்தது. யாரோ ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்தார்கள். அவனுடைய உம்மா அவன் தலையில் ஓதி ஊதி அனுப்பினா.

பத்து நாளில் திரும்பினான். தேநீர்க்கடையில் வாங்குப் பலகைகளை வரிசையாக வைத்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தாண்டிக் காட்டினான்.

"அறுபது மீற்றர்தான். அஞ்சு வேலி! மூணாம் வேலியில முழங்கால் பட்டுச்சு. ஆறு பேர்ல நான் ஆறாம் ஆள்!"

கடை அதிர்ந்தது. தங்கப் பதக்கம் வென்றவனுக்குக்கூட அப்படி ஒரு கைதட்டல் கிடைத்திருக்காது!

"காசிம் நானா, நீங்க சொன்னது சரி. முடியிற இடத்துல சுவர்தான். ஆனா பெரிய பஞ்சு மெத்த வச்சிருக்கானுகள். ஆறு பேரும் அதுல போய் மோதினம். முதலாவது வந்த வெள்ளக்காரன்தான் என்னக் கைகுடுத்துத் தூக்கிவிட்டான்!"

அவனுடைய உம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தா. "என்ட மகனும் வெளிநாடு போய் வந்தான், பத்து நாளைக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டா. ஊரே மகிழ்ந்திருந்தது. ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவன் நான்தான்... வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கட்டார் வேலை பின்தெரு ஆள் ஒருவருக்குப் போனது. அவர் மாடி வீடு கட்டினார். நிஸ்தாரின் தறி தாய், மகன் இருவரின் வயிற்றை மட்டும் நிரப்பியது. சில வருடங்கள் கழித்து ஒரு மாரியில் ஓலைக் கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. தரையெங்கும் சட்டிகள்.

"வேலி வச்சிருக்கன், தாண்டி வா மச்சான்!" என்றான் அவன்.

தாண்டிப் போனேன். மூலையில், நனையாத ஒரே இடத்தில், அவனுடைய உம்மா இருமிக்கொண்டு படுத்திருந்தா. அந்த மாரி முடியுமுன் கண்மூடி மௌத்தானா.

சென்ற பெருநாளன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட வட்டிலப்பம் வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். நான் வாயைத் திறக்குமுன் அவனே கதைக்கத் தொடங்கினான்.

"மச்சான், அண்டைக்கு நான் கட்டாருக்குப் போயிருந்தா உம்மாக்கு ஒரு கல்லூடு கட்டிக் குடுத்திருப்பன், என்ன?"

"ஓம்."

"ஓம்தான்..." வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வெட்டி என் பக்கம் தள்ளினான். பிறகு அவன் தோள் குலுங்கியது. "ஆனா அந்த மெத்தையில போய் மோதியிருக்க மாட்டனே!"

சிரித்தான். எழுபதை நெருங்கும் கிழவன், மூச்சுத் திணறச் சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு நோகும்வரை, உண்மையாகவே சிரித்தேன்.

கடற்கரை வீதியால் நடந்து வரும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், சொல்லப் போனதைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.