எண்ணூறு பாகை விற்பனைக்கு

கண்ணாடி உருக்கும் மின்சூளை விற்கிற வேலையில், சூளையைப் பற்றிப் பேசுகிற நேரத்தைவிட வாங்க வருகிறவரின் வீட்டுச் சுவரைப் பற்றி விசாரிக்கிற நேரம்தான் அதிகம். நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கண்ணாடிக் கைவினைக் கடையில் நிற்கிறேன். தாங்கள் பயப்படுகிற சாமானையே சிரித்த முகத்தோடு விற்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு இது விளங்கும்.

டக்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. பின்னறையில் ஒரு சூளை ஓடிக்கொண்டிருந்தது. துண்டுக் கண்ணாடிகளை உருக்கி ஒரே தகடாக்க எண்ணூறு பாகை அளவில் சூடு வேண்டும். அந்தத் தகட்டை அச்சின்மேல் வைத்துக் கிண்ணமாக வளைக்க அதைவிடக் குறைவு போதும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சூளை கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் 'டக்' என்றது மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு டக்குக்கும் நான் கதவுப் பக்கமாக நகர்ந்தேன். கடைசியில் பார்த்தால், கோட் இல்லாமல் பனிக்குள் நிற்கிறேன்.

கடை முதலாளி பிலோமினா அக்கா மன்னார்க்காரி. என்னைத் தேடி வெளியே வந்து, அது சூடு கூடாமல் கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிற சத்தம் என்று விளங்கப்படுத்தினார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா என் கோட்டைத் தோளில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பயப்பிடுற ஆள்தான் எனக்கு வேணும். பயமில்லாத ரெண்டு பேரை ஏற்கெனவே வேலையால நிப்பாட்டிப்போட்டன்."

கராஜில் ஒரு இடம்

றிச்மண்ட் ஹில்லிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். கண்ணாடிப் பதக்கம் செய்யப்போவது பெண்சாதி. சூளை தெரிவுசெய்தது புருசன். இருக்கிறதிலேயே பெரிசு வேண்டுமாம். அவர் காட்டியது மட்பாண்டச் சூளை. அது ஆழமானது, சூடு பக்கத்திலிருந்து வரும், கண்ணாடிக்கு அகலமாய், மூடியில் சூடேறுகிற கம்பிச்சுருள் வைத்தது நல்லது என்றேன். பெரியதுக்கு உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்குப் போல தனிக் கரண்ட் லைன் இழுக்கவேண்டும் என்றேன். எல்லாத்துக்கும் தலையாட்டினார்.

"எங்கை வைக்கப் போறியள்?"

"கராஜில. பனி தள்ளுற ஸ்னோ புளோவருக்குப் பக்கத்தில."

"அதுக்குப் பக்கத்தில வேறை என்ன இருக்கு?"

"பெற்றோல் கான் ரெண்டு. மூடித்தான் வைச்சிருக்கு."

மூடிய கானிலிருந்தும் ஆவி கசியும், அது தரையோடு தவழ்ந்து வரும் என்று சொல்லச் சொல்ல என் குரலே நடுங்கியது. அவர் சிரித்தார். அதுவரை வாய் திறக்காத பெண்சாதி, மேசையில் இருந்த சின்னச் சூளையில் கையை வைத்தார்: "இதைத் தாங்கோ, பேஸ்மென்ற்றில சீமெந்துத் தரையில வைப்பன். அந்தக் கராஜுக்குள்ள இவர் நிக்கிறதே எனக்குப் பயம்."

விற்காத சூளை

சூசை அங்கிள் சென் ஜேம்ஸ் ரவுணில், உயரமான கட்டடமொன்றில் தனியாக இருக்கிறார். முதியோர் நிலையத்தில் கண்ணாடி வேலை பழகி, அதில் பைத்தியமாகிவிட்டார். சொந்தமாகச் சூளை வேண்டும் என்று வந்தார். வாடகை வீடு. கட்டடக்காரரிடம் கேட்கவில்லை. சமையலறையில் ஒரே பிளக்கில் பிரிஜ்ஜும் கேத்திலும். சுவருக்கும் சூளைக்கும் நடுவில் விட இடமே இல்லை.

விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கடைச் சூளையிலேயே சுட்டுத் தருகிறோம் என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "விக்க வைச்சிட்டு விக்கமாட்டனெண்டு சொல்லுற கடையை இண்டைக்குத்தான் பாக்கிறன், பிள்ளை."

பின்னேரம் வந்த போன்

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து போன். "பிள்ளை, கோவியாதை. ஒருத்தரிட்டப் பழசு ஒண்டு வாங்கிப்போட்டன். பிளக் எட்டேல்லை, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டனான். இப்ப அந்த வயர் இளகி மணக்குது. மூடியைத் திறந்து ஆறவிடட்டோ?"

"திறக்காதேங்கோ! வயரைத் தொடாதேங்கோ! கரண்ட்டை நிப்பாட்டுற பிரேக்கர் பெட்டி எங்கை?"

"அலுமாரிக்குப் பின்னால."

"விட்டிட்டு வெளியில போங்கோ. கதவைச் சாத்துங்கோ, நெருப்பு மணியை இழுங்கோ, படியால இறங்குங்கோ."

ஒரு இருமல். பிறகு மணி அலறுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிலோமினா அக்கா மற்றப் போனில் தீயணைப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்க, நான் செத்த போனுக்குள் "அங்கிள், அங்கிள்" என்று கத்திக்கொண்டிருந்தேன். காரில் போகும்போது என் கண்ணுக்குள் அந்தப் படிகள்தான்: கைக்குழந்தையோடு ஒருத்தி, தடியூன்றி ஒருவர், மேலேயிருந்து புகை.

கட்டடத்தின் முன்னால் சனம் குளிரில் நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். மதிலோரம், ஆரோ கொடுத்த போர்வைக்குள், வீட்டுச் செருப்போடு அங்கிள் நின்றார். ஒருவருக்கும் காயமில்லை, ஒரு சுவர் மட்டும் கருகியிருந்தது. அவர் கையைப் பிடித்தேன். காதருகில் குனிந்து கேட்டார்: "நீ சொன்னபடி கதவைச் சாத்தினனான். ஆனா உள்ளுக்கை இருந்த கிண்ணம் என்னவாயிருக்கும், பிள்ளை?"

மூடி திறந்த காலை

அதற்குப் பிறகு எனக்குப் போன் அடித்தாலே நெஞ்சு பதறும். வேலையை விடப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா மறிக்கவில்லை. அந்தக் கிழமைதான் சூசை அங்கிள் நீலக் கண்ணாடித் துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். எங்கள் சூளையில் அடுக்கினோம். உருகிய கண்ணாடி மெல்ல மெல்ல ஆறவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் வெடிக்கும். மறுநாள் வரச் சொன்னேன். கடை திறக்க முதலே வாசலில் நின்றார்.

மூடியை மெல்லத் தூக்கினேன். தகடு கீறலில்லாமல் கிடந்தது. அதைக் கையில் எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான் விலகப்போவதை அக்கா சொல்லியிருக்கவேண்டும். தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நீ போனா எனக்கு ஆர் வேண்டாமெண்டு சொல்லுறது?"

ஆக, வேண்டும் என்று ஆசையோடு வருகிறவர்களுக்கு நடுங்கிக்கொண்டே வேண்டாம் என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் என் ஒரே திறமை. அதையும் விற்பனை என்றுதான் கடையில் சொல்கிறோம்.