சோடிக் காசு

அப்பா அந்த மூன்று பித்தளைக் காசுகளையும் சாப்பாட்டு மேசையில் விரித்த பழைய நாளிதழின்மேல் வரிசையாக வைத்திருந்தார். இரண்டைப் புளி போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். மூன்றாவதைத் தொடவே இல்லை. அது களிம்பேறிக் கறுத்துக் கிடந்தது. அதையும் நான் துலக்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றார். மறுநாள் காலை மூன்றையும் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றை மட்டும் ஏன் அழுக்காக விடுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. சட்டைக் காலரில் ஒரு மைப்புள்ளி இருந்தாலும் வேலைக்குப் போகாத மனிதர் அவர்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தார். அவருக்கு முன் அதே நாற்காலியில் தாத்தா இருந்தார். தோட்டம் தொடங்கிய காலத்தில் தொழிலாளர்களுக்கென்று கம்பெனியே காசு அடித்து வைத்திருந்ததாம். தோட்டத்துக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாத காசு. நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தைந்து ஆண்டு நிறையப்போகிற நேரத்தில், கோலாலம்பூரில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய தோட்டக்காசுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே சித்திரத்தோடு புதிதாக அடித்து, சின்னப் பெட்டியில் வைத்து ஒவ்வொரு தொழிலாளருக்கும் நினைவாகக் கொடுப்பது. எங்கள் தோட்டத்துக் காசில் மூன்று சித்திரங்கள் இருந்தன. ஒன்றில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து. ஒன்றில் யானை. மூன்றாவதில், மரக்கம்பத்தில் தொங்கும் பெரட்டு மணி. விடிகாலையில் ஆட்களை வரிசைக்குக் கூப்பிடும் மணி. நான் அப்போது பக்கத்து ஊரான தானா ராத்தாவில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தேன். கை கொஞ்சம் வரையும் என்பதால், மூன்றையும் பெரிய தாளில் வரைந்து தரச் சொல்லியிருந்தார் துரை. படங்களை எடுத்துக்கொண்டு அப்பாவோடு பங்களாவுக்குப் போனது அப்படித்தான்.

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அந்தக் காலமெல்லாம் முடிந்து, கோலாலம்பூரிலிருந்து வந்த, எங்கள் நிறமுள்ள, எங்களோடு தமிழிலேயே பேசுகிற இளைஞர். ஆனாலும் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எவரும் துரைதான். நல்ல மனிதர், உற்சாகமானவர். கறுத்த காசை எடுத்துத் தன் கைக்குட்டையாலேயே தேய்த்தார். மணியின் விளிம்பும், அதில் கட்டிய கயிறும், கயிற்றின் நுனியில் இருந்த முடிச்சும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மற்ற இரண்டையும் விட அது அழகான வேலைப்பாடு என்பதை என்னாலும் மறுக்க முடியவில்லை. அப்பா தேயிலைக் கொழுந்துதான் பொருத்தம் என்றார். உழைப்பவர்களின் கைபட்டது அதுதானே என்றார். அவருடைய குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. துரை சிரித்தார்.

"தேயிலை எல்லாத் தோட்டத்துலயும் இருக்குலா, கிராணி. இந்த மணி நமக்கு மட்டுந்தான்."

அத்தோடு முடிந்தது. துரைக்கு இன்னொரு யோசனையும் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு கழற்றிப் பண்டகசாலையில் போட்டிருந்த அந்த நிஜ மணியைத் தேடி எடுத்து, பெரட்டுக் களத்தில் பழையபடி தொங்கவிட வேண்டும். சுதந்திர தினத்தன்று அதை அடித்துத்தான் விழாவைத் தொடங்க வேண்டும். தகப்பனும் மகனுமாக இரண்டு தலைமுறை இந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்ததால், அடிக்கிற கௌரவம் அப்பாவுக்கே.

திரும்பும் வழியில் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, அதுவரை எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள், பெரட்டு நேரம் கடந்த பிறகு, காலை வெயில் ஏறியிருந்த பொழுதில் அந்த மணி அடித்தது. அரிசி வந்திருக்கிறது என்று எண்ணி தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களிலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். களத்தைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். திடகாத்திரமான ஆண்களைப் பிரித்து, சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு என்று லாரியில் ஏற்றினார்கள். மணியை அடித்தவர் தாத்தா. அடிக்காவிட்டால் அவரையும் ஏற்றியிருப்பார்கள் என்று அப்பா சொன்னார். உடனே, அது காரணம்தானே தவிர நியாயம் இல்லை என்றும் சொன்னார். போகிறவர்களின் கையில் ஒன்று, மனைவிமார் கையில் ஒன்று என்று மணிக் காசைச் சோடியாகக் கொடுத்ததும் தாத்தாதான். பெண்கள் அதைக் காட்டி வாரந்தோறும் அரிசி வாங்கிக்கொள்ளலாம். கொடுக்கும்போது ஒவ்வொருத்தியிடமும், பத்திரமாக வைத்துக்கொள், சோடி வந்து சேரும் என்று சொன்னாராம்.

அரிசி சில காலம் வந்தது. பிறகு நின்றது. யுத்தம் முடிவதற்கு முன்பே, சயாம் ரயில் பாதை முகாமிலிருந்து தப்பித் தாப்பா வழியாக மலையேறி வந்த வேறு தோட்டத்து ஆள் ஒருவர், தாத்தாவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாந்திபேதியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இருந்த கொட்டகையே காலியாகிவிட்டது. தாத்தா அதை லயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலில் ஜப்பான்காரனுக்குப் பயந்து, பிறகு அந்தப் பெண்களுக்குப் பயந்து. சாகும்போது அப்பாவிடம் சொன்னார். நாற்காலியோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்றார் அப்பா. ஆரம்பத்தில் அந்தப் பெண்கள் ஆபீசுக்கு வந்து விசாரிப்பார்களாம். தகவல் இல்லை என்பார் தாத்தா. அவருக்குப் பின் அப்பாவும் அதையே சொன்னார். வருஷங்கள் ஆக ஆக அவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். நெற்றிப் பொட்டை மட்டும் நிறுத்தவில்லை.

துரையிடம் சொல்லி வேறு காசை வைக்கச் சொல்லலாமே என்றாள் அம்மா. சொன்னால் காரணம் கேட்பார், காரணத்தைச் சொன்னால் அது லயத்துக்குப் போகும் என்றார் அப்பா. அன்று முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மணியைத் தொங்கவிட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை முழுக்கப் பனிமூட்டம். கம்பமும் மணியும் வெள்ளைக்குள் மறைவதும் தெரிவதுமாக இருந்தன. ஆயாக்கொட்டகை களத்தின் ஓரத்தில்தான் இருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுப்போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆயா அறுபதைத் தாண்டியவர், சிறிய உருவம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கல்யாணமான வருஷமே புருஷனைச் சயாமுக்குக் கொடுத்தவர் என்பது இப்போது எனக்குத் தெரியும். இடுப்பில் யார் குழந்தையையோ வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று, ஆட்கள் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் வந்ததும் கேட்டார்.

"யாரக் கூப்புடப் போறீங்க, ஐயா?"

விழாவுக்குத்தான் என்றார் அப்பா. ஆயா தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கேள்வி அன்றைக்கே லயம் லயமாகப் போயிருக்க வேண்டும். அதன்பின் ஆபீசுக்கு வருகிறவர்கள் வேலையைப் பேசிவிட்டு உடனே போய்விட்டார்கள். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்களின் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும், அது நின்றுவிட்டது. சுதந்திர தினத்துக்கு முந்தைய மாலை, தண்ணீர்க் குழாயடியில் அம்மா ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தாள். வயதுப் பையன்களையெல்லாம் அவர்களுடைய தாய்மார் பக்கத்து ஊர்களான திரிங்காப்புக்கும் லெம்பா பெர்த்தாமுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். காய்கறித் தோட்டத்தில் வேலையாம், உறவினர் வீட்டில் விசேஷமாம். ஆளுக்கொரு காரணம். லாரிகளில் நின்றுகொண்டு அவர்கள் போவதை நானும் பார்த்தேன். கையில் மாற்றுத் துணிகூட இல்லை.

மறுநாள் களம் முழுக்கக் கொடி கட்டியிருந்தது. துரை பேசினார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. வந்திருந்தவர்கள் பெண்களும் கிழவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான். வாலிபர்களைக் காணோமே என்று துரை அப்பாவிடம் கேட்டதும், அப்பா கம்பத்தின் பக்கம் போனதும் எனக்குத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்தார். பிறகு அடித்தார். அந்த ஓசை நான் எதிர்பார்த்ததைவிட இனிமையாக இருந்தது. அதுதான் இன்றும் என்னை உறுத்துவது. கூட்டத்தில் இருந்த கிழவிகள் சிலர், யாரும் சொல்லாமலே எழுந்து, பழைய பெரட்டில் நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள்.

முதல் காசு, தோட்டத்தில் மூத்தவர் என்று ஆயாவுக்கு. துரை கைதட்ட, அப்பா பெட்டியை நீட்டினார். ஆயா அதைத் திறந்து பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தேய்ந்துபோன தன் காசை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார்.

"ஒங்கப்பாரு சோடி வந்து சேரும்னாரு," என்றார். "இது எங்க வூட்டுக்காரரோடதா, ஐயா?"

மெல்லக் கேட்ட கேள்வி. ஆனாலும் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது. அப்பா துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா," என்றார். "அவரு வரமாட்டாரு. போனவங்க யாருமே இல்ல. அங்கயே வாந்திபேதில போய்ட்டாங்க. எங்கப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"யுத்தம் முடியறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். அவரு சாகறப்ப எங்கிட்ட சொன்னாரு."

ஆயா புதிய காசை எடுத்து மேசைமேல் வைத்தார். பழையதை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். கொட்டகையில் ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்க்கப் போய்விட்டார். வரிசையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி லயத்துக்கு நடந்தார்கள். அவர்களில் ஒருத்திகூட அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். என்ன ஆயிற்று என்று துரை கேட்டார். அப்பா களத்திலேயே நின்று முழுவதையும் சொன்னார். துரையின் முகம் வெளிறிவிட்டது. மீதிப் பெட்டிகளை மூடி வைக்கச் சொன்னார். அவை தலைமை அலுவலகத்துக்கே திரும்பிப் போயின.

அன்று பொழுது சாய்ந்தபோது மூன்றாவது லயத்தில் ஒப்பாரி தொடங்கியது. பிறகு அடுத்த லயத்தில். நாற்பது வருஷத்துக்கு முன் இறந்தவர்களுக்கான அழுகை அந்தச் சரிவு முழுக்கப் பரவியது. ஒலிபெருக்கியை நிறுத்த யாருக்கும் தோன்றாததால், கொடிகளுக்கு நடுவே பாட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவின் எதிரே நின்றாள்.

"பொட்டோட போயிருப்பாங்க. எதுக்குச் சொன்னீங்க?"

இந்த வயதில் எனக்குச் சில நாள் அப்பாதான் சரி என்றும், சில நாள் அம்மாதான் சரி என்றும் தோன்றுகிறது. அடுத்த வாரம் ஆயாவைப் பார்த்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. குழந்தைகள் அவருடைய முகத்தை அடையாளம் தெரியாமல் அழுதன என்று சொன்னார்கள்.

அப்பா அந்த வருஷ முடிவிலேயே வேலையை விட்டார். ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அண்மையில் ஒரு வேலையாகத் தானா ராத்தா போனபோது தோட்டத்துக்கும் போய்வந்தேன். லயங்களில் பாதி இடிந்துவிட்டன. மீதியில் வேறு நாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீசில் பத்திரமாக இருப்பதாக இப்போதைய கிராணி என்னிடம் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். பத்திரம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. களத்து ஓரத்தில் ஒரு பையன் கைப்பேசியில், எனக்குப் புரியாத மொழியில், சிரித்துச் சிரித்து யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

நாங்கள் மலையை விட்டு இறங்குவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. போனவர்கள் எல்லாருக்கும் சேர்த்து, ஆற்றோரத்தில் கருமாதி செய்தார்கள். ஆயாவே வீட்டுக்கு வந்து அப்பாவை அழைத்தார். கிராணி வீட்டார் லயத்தில் கைநனைப்பது அந்த நாளில் வழக்கமில்லை. அப்பா போனார், நானும் கூடப் போனேன். இறந்தவர்களுக்கென்று வரிசையாகத் தலைவாழை இலை போட்டுப் படைத்திருந்தார்கள். ஒவ்வொரு இலையின் முன்னும் ஒரு மனைவியோ, ஒரு மகனோ, ஒரு தங்கையோ நின்றார்கள். அப்பாவின் கண் அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லப் போய்வந்தது. ஆயா அதைப் பார்த்துவிட்டார்.

"ஒங்கப்பாருக்கு எல போடல, ஐயா. கேக்காதீங்க."

அப்பா தலையசைத்தார். பந்தியில் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்தார். ஆயாதான் பரிமாறினார், அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். இலையில் வைத்ததையெல்லாம் அப்பா மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பிறகு தன் எச்சில் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரிய கிராணியை இலை எடுக்க விடுகிற வழக்கம் அந்தத் தோட்டத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. அன்று யாரும் தடுக்கவில்லை.