ருக்னுதீன் நானாவின் பச்சை வார்

தோளில் கிடக்கும் துண்டில் இரண்டு கைகளையும் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ருக்னுதீன் நானா அடுத்தவர் காகிதத்தைத் தொடுவார். அன்று நீட்டியவர் தம்போய்ப் பக்கத்துச் சீனத் தச்சர். நானா அதை வெளிச்சத்தில் பிடித்தார். கெடு முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது, முத்திரையில் மையும் மங்கிவிட்டது, இன்றைக்கே போய் வேறு வாங்கிக்கொள் என்று மலாயில் சொல்லிவிட்டுத் தேநீர் ஆற்றப் போனார்.

ஜோகூர் பாரு ரயில் நிலையத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக அவர் கடை. பிரிட்டிஷ் பிரஜை அல்லாதவர் இங்கே தங்கவும் போய்த் திரும்பவும் அனுமதிக் காகிதம் வேண்டும் என்ற அந்நியர் சட்டம் வந்த நாளிலிருந்து அங்கே தேநீர் குடிக்க வருகிறவர்களைவிடக் காகிதம் காட்ட வருகிறவர்கள் அதிகம். நானாவுக்கு ஆங்கிலத்தில் எண்கள் மட்டுமே தெரியும். எழுத்து எதற்கு? முத்திரையின் வடிவம், கையெழுத்தின் சாய்வு, மடிப்பு விழுந்த இடம் இவற்றை வைத்தே எந்த மேஜையிலிருந்து வந்த காகிதம் என்று சொல்லிவிடுவார். இரண்டு விதிகளை மட்டும் யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார்.

"காயிதத்துல பொய் எழுதாதீங்க. எழுதுனா சாவுற வரைக்கும் அதே பொய்ய ஞாவகம் வச்சிருக்கணும். திரும்பி வர்ற காயிதம் கையில இல்லாம கப்பல்ல கால் வைக்காதீங்க."

ஆள் கட்டையாக, கனத்துத்தான் இருப்பார். கைலிக்கு மேல் நான்கு விரல் அகலத்தில் பச்சை வார். அதன் பையில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, அவருடைய பிறப்புச் சீட்டு. கல்லாவை நாள் முழுக்கத் திறந்துபோட்டுவிட்டு அலைகிற மனிதர், அந்தப் பையின் பொத்தானை மட்டும் நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பார்.

இந்த ஆண்டு ஊரில் இருக்கும் மகள் ரசியாவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. வாப்பா உயிரோடு இருக்க, அவர் வந்து பெண்ணைக் கொடுக்காமல் நிக்காஹ் நடப்பதாவது! நானா கப்பலுக்கு நாள் பார்த்தார். ஊர் நாகூர் என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். நாகூர்க்காரர் பிரிட்டிஷ் பிரஜை. போகவர ஒரு தடையும் இல்லை. இன்னொருவராக இருந்தால் பேசாமல் கப்பலேறியிருப்பார். நானாவா சும்மா இருப்பார்? தடை இல்லை என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை வாங்கிவிட வேண்டும் என்றார். படிவம் நிரப்ப, ஆங்கிலம் எழுதத் தெரிந்த வாடிக்கைக்காரனான என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்நியர் காகிதம் கொடுக்கும் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஐயாசாமி ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டார். நானா பெருமையோடு வாரைத் திறந்தார். "இம்மாம் பெரிய சாப்பு இந்த ஆபீசுலயே இரிக்காது" என்று சீட்டை மேஜைமேல் விரித்தார். முத்திரை பெரிதுதான். ஆனால் அது பிரெஞ்சு முத்திரை. பிறந்த ஊர் காரைக்கால் என்று போட்டிருந்தது.

நானா பொய் சொன்னவரல்லர். அவர்கள் பக்கத்து வழக்கப்படி நிக்காஹ் ஆனதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிபோவார். அதன்பின் அதுவே அவர் வீடு. மனைவி சுலைஹாவின் வீடு நாகூரில். ஆகவே நானாவின் ஊரும் நாகூர். சட்டத்துக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. காரைக்காலில் பிறந்தவர் பிரெஞ்சுப் பிரஜை, அந்நியர். நான் பிறந்த திருமருகல் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் அந்நியன் இல்லையாம். அந்த மேஜைக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐயாசாமி நல்ல மனிதர், நானாவின் தேநீரைப் பல வருஷம் குடித்தவர். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானா, இத மடிச்சு உள்ள வைங்க. நான் பாக்கல, நீங்க காட்டல. பேசாம போயிட்டு வாங்க."

நானா சீட்டை மடிக்கவில்லை, கிராணி பக்கமே நகர்த்தினார்.

"எங்க வாப்பா பேரும் உம்மா பேரும் இரிக்கிது தம்பி. பாக்கலைன்னு சொல்லாதீங்க. அந்நியன்னே எழுதுங்க. வூடு மட்டும் நாகூர்னு போடுங்க."

படிவம் மேலே போயிற்று. சீட்டும் அதோடு போயிற்று. தினமும் பத்து மணிக்கு நானா அலுவலகப் படியேறினார். மேலதிகாரி இன்னும் கையெழுத்திடவில்லை என்ற பதிலையே கேட்டுத் திரும்பினார். கப்பலுக்கு முதல்நாளும் அதே பதில்தான். அனுமதி இல்லாமல் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பதற்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் ஐயாசாமி. இரண்டாவது விதியை நானாவுக்கு நினைவூட்டினேன். அது மற்றவங்களுக்குச் சொன்னது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை, கடையை ஏற்று நடத்த மைத்துனர் சுப்ஹான் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். எதற்கும் கடையைத் தன் பேருக்கு மாற்றிவிட்டுப் போனால் நல்லது என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானா அடுப்பை அணைத்தார், குவளைகளைக் கவிழ்த்தார், பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பூட்டைப் பூட்டினார். ரெண்டு மாசம் எல்லாரும் வேற எங்கயாச்சும் தேத்தண்ணி குடிங்க என்றார். சுப்ஹான் சாவிக்காகக் கையை நீட்டினார்.

நீட்டிய அந்தக் கையைத் தம் இரு கைகளாலும் பற்றி நானா ஸலாம் சொன்னார். பிறகு வாரைத் திறந்து, பிறப்புச் சீட்டு இருந்த வெறும் பையில் சாவியைப் போட்டுப் பொத்தானை மாட்டினார்.